யானைக்கும் டால்பினுக்கும் நடுவே எண் ஒன்று

நீடாமங்கலம் வட்டார அரிசி ஆலை உரிமையாளர் சங்கத்தில் தேநீர் குடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தம்ளர்கள் தட்டில் வரும். முதல் தம்ளர் உறுப்பினர் எண் ஒன்றுக்கு. அவர் ஒரு மிடறு குடித்து, தம்ளரைக் கீழே வைத்து, தலையை அசைக்க வேண்டும். அதன் பிறகே எண் இரண்டு தம்ளரைத் தொடலாம். இப்படி ஒவ்வொருவராக இறங்கி வரிசையின் வால் பக்கம் போவதற்குள் தேநீரில் ஆடை கட்டிவிடும். பின்வரிசை ஆலைக்காரர்களுக்குச் சூடான தேநீர் வேண்டுமென்றால் எதிர்க்கடைக்குத்தான் போக வேண்டும். சங்கம் இதைக் குறையாக நினைக்கவில்லை, ஒழுங்கு என்று நினைத்தது.

எண் ஒன்று, அல்லா பிச்சை ராவுத்தர். சங்கத்தைத் தொடங்கியவர் அவருடைய பாட்டனார். பாட்டனாருக்குப் பின் தகப்பனார், தகப்பனாருக்குப் பின் இவர். கூட்டம் தொடங்கும்போது செயலாளர் பெயர் வாசிப்பார். முதல் பெயர் வந்ததும் ராவுத்தர் எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "உள்ளேன்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலையிலிருந்தே தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பார் என்பது அவர் மனைவி ஜன்னத் பீவிக்கு மட்டும் தெரியும்.

எண்ணுக்கு மரியாதை மட்டுமல்ல, பலனும் உண்டு. ரயில்வே ஒதுக்கும் வேகன்களைச் சங்கம் எண் வரிசைப்படி பிரித்துக் கொடுக்கும். எண் ஒன்றின் மூட்டை முதல் வேகனில் ஏறும். வேகன் போதாவிட்டால் வால் எண்களின் மூட்டைகள் அடுத்த கூட்ஸ் வண்டிக்குக் காத்துக் கிடக்கும். அந்தச் சம்பா அறுவடையில் ராவுத்தருக்கு வேகன் மிகவும் அவசரமாயிருந்தது. ஷார்ஜாவில் கடை ஒன்றில் மேலாளராக இருந்த மகன் ஹஸ்ஸான், அந்தக் கடைக்கு அத்தாவின் ஆலை அரிசியையே வாங்கவைக்க ஏற்பாடு செய்திருந்தான். தூத்துக்குடியில் கப்பல். அதைத் தவறவிட்டால் ஆர்டர் வேறு யாருக்கோ போய்விடும். சொன்ன சொல் தவறிய குடும்பம் என்ற பெயர் மட்டும் வீட்டுக்கு வரும்.

இந்த நேரத்தில்தான் சங்கத்துக்குக் கணினி வந்தது.

தலைவர் இராஜாங்கம் கணினிக்கு மாலை போட்டுவிட்டுப் பேசினார். "நான் தலைவராகி இத்தனை ஆண்டுகளில் சங்கத்தில் எந்த மாற்றமும் வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பழிச்சொல்லை இன்றோடு நீக்குகிறேன். மாற்றம் வரட்டும். எல்லாம் மாறட்டும். நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து அதைக் கண்காணிக்கிறேன்."

கைதட்டினார்கள். மாலையின் ஈரம் கணினிக்குள் இறங்கியதால் ஒரு வாரம் அது ஓடவில்லை. ஓடியபோது, உறுப்பினர் விவரத்தையும் சரக்கு விவரத்தையும் அதில் ஏற்ற ஃபெபி என்ற பெண்ணை அழைத்தார்கள். தரங்கம்பாடிக்காரி. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, கனடா விசாவுக்காக வீட்டில் காத்திருந்தவள். சும்மா இருப்பதற்குப் பதிலாக இந்த வேலையை ஒப்புக்கொண்டாள். சும்மாவே இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியதாம்.

அவள் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. விவரங்களைப் போட்டு வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். கேட்ட கேள்விக்கு வேண்டிய விவரத்தை எடுத்துத் தரும் அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு யானை முத்திரை. மைஎஸ்க்யூஎல் என்று ஒன்று, அதற்கு டால்பின் முத்திரை. இரண்டும் வியாபாரத்துக்கு ஏற்றவை. இரண்டையும் உலகமே பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். நம் உபயோகத்துக்கு விலை கிடையாது.

கடைசி வாக்கியத்தில் சங்கம் விழித்துக்கொண்டது.

"விலை இல்லாத சாமானை எப்படிம்மா வாங்குறது?" என்றார் செயலாளர் லூர்துராஜ். "மூணு கொட்டேஷன் வேணும். சட்டதிட்டத்துல இருக்கு."

"சார், ரெண்டுமே இலவசம்."

"இருக்கட்டும். இலவசத்துக்கே மூணு கொட்டேஷன் வாங்குங்க. எது குறைஞ்ச இலவசம்னு பாக்கணும்ல?"

அப்புறம் இன்னொரு சிக்கல். சங்கம் எதை வாங்கினாலும் அதில் பத்து சதவீதம் நிர்வாகச் செலவு என்று ஒரு பகுதி எங்கோ போகும். பூஜ்யத்தில் பத்து சதவீதம் எவ்வளவு என்று தலைவரும் செயலாளரும் உள்ளறையில் வெகுநேரம் கணக்குப் போட்டார்கள். வெளியே வந்தபோது இருவர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

ராவுத்தருக்கு மனக்குறை வேறு விதம். "மூணு தலைமுறையா எங்க வீட்டுல ஓசியா ஒரு சாமான் உள்ள வந்ததில்ல. அக்கம்பக்கத்துல தயிருக்கு உறை வாங்கினாக்கூட மறுநாள் திருப்பிக் கொடுத்துருவோம். என் பேரைப் போய் ஓசி டப்பாவுலயா வைக்கப் போறீங்க?"

"ஐயா, பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இதைத்தான் வச்சிருக்காங்க" என்றாள் ஃபெபி.

"பெரிய கம்பெனிக்கு மானம் கிடையாதும்மா. குடும்பத்துக்கு உண்டு."

இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்ல ஓர் ஒப்பீட்டுக் குழு அமைந்தது. ஃபெபி இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பீடு தயாரித்திருந்தாள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்டால் தாங்கும், நகல் எடுத்து வைப்பது எப்படி, நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும், இப்படி. குழு அதைப் படித்து, "நல்லா இருக்கு" என்று ஓரமாக வைத்துவிட்டு, தன் முறைப்படி விசாரிக்கத் தொடங்கியது. எந்த ஊரில் பிறந்தது? வளர்த்தவர் யார்? பூர்வீகம் எப்படி? கல்லூரியில் பிறந்தது யானை என்று தெரிந்ததும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிச்ச குடும்பம்" என்றார்.

அவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய மகன் நியூஜெர்சியில் இருந்தான். அவன் அலுவலகத்தில் யானைதான். செயலாளரின் மருமகன் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே டால்பின். ஆகவே குழுவில் போஸ்ட்கிரஸ் பற்றி யாரும் பேசவில்லை, நியூஜெர்சியில் பனி எவ்வளவு உயரம் விழும் என்று பேசினார்கள். மைஎஸ்க்யூஎல் பற்றியும் பேசவில்லை, சிங்கப்பூரில் தெருவில் துப்பினால் என்ன அபராதம் என்று பேசினார்கள். மருமகனை விட மகன் ஒரு படி மேல் என்பதால் முதல் சுற்றில் யானை முன்னணி பெற்றது.

ராவுத்தர் ஷார்ஜாவுக்குப் போன் போட்டார்.

"ஹஸ்ஸான், உங்க கடையில எது? யானையா, டால்பினா?"

"ரெண்டும் விக்கிறதில்ல அத்தா. மத்தி இருக்கு, வஞ்சிரம் இருக்கு."

"அதில்லடா. கம்ப்யூட்டருக்குள்ள."

"அது எனக்கென்ன தெரியும்? பட்டனைத் தட்டுனா பில்லு வருது. அரிசி எப்ப அத்தா கிளம்புது? கப்பல் நிக்காது."

ராவுத்தர் போனை வைத்தார். குழுவில் அவர் மகனுக்கு நாடு இருந்தது, கட்சி இல்லை. பக்கத்தில் நின்ற ஜன்னத் பீவி கேட்டார்: "என்னங்க, அந்த யானையும் மீனும் முடிவாகிற வரைக்கும் அரிசி இங்கயே கெடக்குமா? வண்டு வந்துரும்."

"முதல் வேகன் நம்மளுது. அதை யார் தொடுவா?"

"நீங்க முதல்ல போங்க, நான் வேணாங்கல. அரிசியும் போய்ச் சேரட்டும்."

செயல்விளக்க நாள் குறிக்கப்பட்டது. இரு கட்சியும் தம் முத்திரைக்கு மரியாதை செய்ய விரும்பின. தலைவர் தரப்பு உண்மையிலேயே ஒரு யானையை வாடகைக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. டால்பினுக்கு எங்கே போவது? செயலாளர் தரப்பு நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் ஆளுயரக் கொடுவா மீன் ஒன்றை வரவழைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து மேசைமேல் கிடத்தியது. மூன்றாவது கொட்டேஷனுக்காக ஃபயர்பேர்டு என்ற டேட்டாபேஸின் பெயரையும் ஃபெபி கொடுத்திருந்தாள். பெயரில் பறவை இருந்ததால் யாரோ ஒரு சேவலைக் காலைக் கட்டித் தூக்கி வந்திருந்தார். அது கூட்டம் முழுக்கக் கூவியதைத் தவிர அந்த டேட்டாபேஸைப் பற்றி சங்கத்தில் வேறு பேச்சு இல்லை.

ஃபெபி இரண்டு டேட்டாபேஸிலும் விவரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கணினியின் வயரைப் பிடுங்கிக் காட்டினாள். மறுபடி செருகிப் பார்த்தால் பாதி எழுதியது எதுவும் இல்லை. முழுதாக எழுதியது எதுவும் தொலையவில்லை. இரண்டிலும் அப்படியே.

"ரெண்டுமே பாஸாயிட்டா எப்படிம்மா?" என்றார் லூர்துராஜ், ஏமாற்றத்துடன். "ஒண்ணாவது கெட்டுப்போனாத்தானே எங்களால முடிவெடுக்க முடியும்?"

"மின்வெட்டு அரசாங்க விஷயம்" என்றார் தலைவர். "அதில் சங்கம் கருத்துச் சொல்வதற்கில்லை. உறுப்பினர் பட்டியலைக் காட்டு."

யானையிடம் கேட்டாள். திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. முதல் பெயர்: அல்லா பிச்சை ராவுத்தர். ராவுத்தர் தன்னையறியாமல் எழுந்து துண்டை உதறினார். "உள்ளேன்" என்று திரையைப் பார்த்துச் சொல்லவும் செய்தார்.

"ஐயா, உங்க பழைய போன் நம்பர்தான் இதுல இருக்கு. புது செல் நம்பர் சொல்லுங்க, மாத்திக் காட்டுறேன்."

சொன்னார். மாற்றினாள். பட்டியலை மறுபடி கேட்டாள். முதல் பெயர் வேறு யாரோ. இரண்டாவதும் வேறு யாரோ. ராவுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார், இறங்கினார், பட்டியலின் அடிமட்டத்தில், ஆடை கட்டிய தேநீர் குடிப்பவர்களுக்கும் கீழே, தன் பெயரைக் கண்டார்.

மண்டபத்தில் சேவல் மட்டும் பேசியது.

"யானை தூக்கிப் போட்டுருச்சு" என்று பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சிக்குப் பல வருடத்து ஆறிப்போன தேநீர் காரணம்.

"போன் நம்பரை மாத்தினதுக்கா என் பாட்டனாரை இறக்கிவிட்டீங்க?" என்றார் ராவுத்தர்.

ஃபெபி அதே வேலையை டால்பினில் செய்தாள். எண்ணை மாற்றிய பிறகும் ராவுத்தர் பெயர் உச்சியிலேயே நின்றது. அந்தக் கணம் முதல் ராவுத்தர் டால்பின் கட்சி. இலவசம், மானம் எல்லாம் மறந்துவிட்டது. மேசைமேல் கிடந்த கொடுவா மீனைக்கூட அவர் பரிவோடு பார்த்தார்.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. "ஐயா, யானை யாரையும் இறக்கல, டால்பின் யாரையும் ஏத்தல. இந்த மாதிரி டேட்டாபேஸ்ல முதல் ஆள், கடைசி ஆள்னு யாருமே கிடையாது. எல்லாரும் உள்ள இருக்காங்க, அவ்வளவுதான். சும்மா கேட்டா கைக்கு வந்தபடி எடுத்துத் தரும். டால்பின் இன்னிக்கு இப்படித் தந்துச்சு, நாளைக்கும் தரும்னு வாக்குக் கொடுக்கல. வரிசை வேணும்னா, எந்த வரிசைன்னு நீங்கதான் சொல்லிக் கேக்கணும்."

முதல் ஆளே கிடையாதா? சங்கம் அன்றுவரை கேட்டதிலேயே மிகவும் ஆபாசமான பேச்சு அதுதான். ஆனால் தலைவரின் கண்ணில் ஓர் ஒளி வந்தது. அவர் எண் ஏழு.

"அப்படியானால் வரிசையைச் சங்கமே தீர்மானிக்கலாம்" என்றார். "ஜனநாயகம். பாரபட்சம் கூடாது. அகர வரிசை வைத்துவிடுவோம். இகரத்தில் தொடங்கும் என் பெயர் முன்னால் வந்துவிடுமே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம்."

ஃபெபி அகர வரிசையில் கேட்டாள். முதல் பெயர்: அல்லா பிச்சை ராவுத்தர்.

"அகர வரிசை ஒரு பழைய முறை" என்று தலைவர் உட்கார்ந்தார்.

ஆலையின் அளவுப்படி என்றார் ஒருவர். வயதுப்படி என்றார் இன்னொருவர். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி என்று தலைவர் திரும்ப எழுந்தார். மருமகன் பிள்ளையில் சேருமா என்று செயலாளர் சண்டைக்கு வந்தார். அரிசியை முன்னதாக அரைத்து வைத்தவருக்கு முன்னதாக வேகன் கொடுக்கலாம் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதை எல்லோரும் சேர்ந்து அடக்கினார்கள். வாசலில் யானை, யாருடைய லாரியிலிருந்தோ ஓர் அரிசி மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் டால்பின் கட்சியின் மீன் குழம்பாகிவிட்டது. யானைக் கட்சியும் அதில் பேதம் பார்க்கவில்லை.

சாப்பிட்டு வந்த பிறகும் சண்டை ஓயாததைக் கண்டு ஃபெபி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒண்ணு பண்ணட்டுமா? யாரு வந்து கேக்குறாங்களோ, அவங்க பேரே முதல்ல வர்ற மாதிரி வச்சிடட்டுமா?"

அவள் சொன்னது எரிச்சலில். ஆனால் மண்டபம் அடங்கியது. ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தில் தன்னை மட்டும் வைத்துப் பார்த்தார். பிறகு கைதட்டல் எழுந்தது. சங்கத்தின் சரித்திரத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

"சார், நான் கிண்டலுக்குச் சொன்னேன்..."

"தீர்மானம் ஆயிடுச்சும்மா" என்றார் லூர்துராஜ். "ஆன பிறகு கிண்டல் செல்லாது."

எந்த டேட்டாபேஸ் என்பதையும் அதே உற்சாகத்தில் முடித்தார்கள். தலைவர் அறையில் யானை, செயலாளர் அறையில் டால்பின். ஒன்று தவறினால் இன்னொன்று சாட்சி. தலைவர் முடிவுரை ஆற்றினார்: "ஒப்பீடு என்பது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக என்று பாமரர்கள் நினைப்பார்கள். நாம் ஒப்பிட்டோம், ஒப்பிட்டோம், எதையும் தேர்ந்தெடுக்காமலே வெற்றி பெற்றோம். இந்தத் துணிவு வேறு சங்கத்துக்கு வராது."

கூட்ஸ் வண்டி வரும் செய்தி வந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சங்க அலுவலகத்துக்குப் போய்த் தம் எண்ணைத் தட்டி, பட்டியலை அச்செடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் வீட்டுக்குப் போனார்கள். ராவுத்தர் தன்னுடையதை ஜன்னத் பீவியிடம் மட்டும் காட்டினார்.

"பாத்தியா? எண் ஒன்று."

"தலைவர் வீட்டு அம்மாவைக் கடைத்தெருவுல பாத்தேன்" என்றார் ஜன்னத் பீவி. "அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

மறுநாள் காலை கூட்ஸ் ஷெட்டை நோக்கிக் கிளம்பிய ராவுத்தரின் லாரி ரயில்வே கேட்டருகே நின்றது. எதிரே தலைவரின் லாரி. இடப்பக்கம் செயலாளருடையது. மன்னார்குடி சாலையில் வரிசையாய், தஞ்சாவூர் சாலையில் வரிசையாய், சங்கத்து லாரிகள் அத்தனையும் ஒரே வாயிலுக்குள் நுழைய முண்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் பூட்டிக்கொண்டு நின்றன. பேருந்துகள் ஒலியெழுப்பின. வானம் வேறு இருண்டு வந்தது.

கூட்ஸ் கிளார்க் நடந்து வந்தார். நீட்டிய காகிதங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார்.

"ராவுத்தரய்யா எண் ஒன்று. தலைவரய்யா எண் ஒன்று. செயலாளரய்யாவும் எண் ஒன்று. சங்கம்னா இப்படில்ல இருக்கணும்! ஐயா, வேகன் நிக்குது. எல்லாருமே முதல் ஆள்தான், ஒத்துக்கறேன். ரெண்டாவது ஆள் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, மூட்டையை ஏத்த ஆரம்பிச்சுடலாம்."

இரண்டாவது ஆள் அந்தச் சாலையில் எங்கும் இல்லை. தலைவர் தன் லாரியின் படிக்கட்டில் ஏறி நின்று, "முதலில் பின்வாங்குபவர் சங்கத்துக்குத் துரோகி" என்றார்.

ராவுத்தர் தன் காகிதத்தைப் பார்த்தார். உச்சியில் அவர் பெயர். அதன் மேல் ஒரு மழைத்துளி விழுந்து மை கரைந்தது. அடுத்த துளி தார்ப்பாயின் மேல் விழுந்தது. உள்ளே ஷார்ஜாவுக்கு வாக்குக் கொடுத்த அரிசி இருந்தது. பாட்டனார் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தார். பாட்டனார் நிச்சயம் நகர மாட்டார், அரிசி நனைந்திருக்கும். ராவுத்தருக்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பாட்டனார் மேல் கோபம் வந்தது.

"காதர் மைதீன்," என்றார் டிரைவரிடம், "ரிவர்ஸ் எடு."

"முதலாளி?"

"எடுப்பா. இந்தக் குடும்பத்துல ஒருத்தனாவது அரிசி வியாபாரம் பண்ணட்டும்."

லாரி பின்னால் நகர்ந்தது. அது விட்ட இடத்தில் செயலாளரின் லாரி திரும்பியது, அதன் இடத்தில் இன்னொன்று, முடிச்சு அவிழ்ந்தது. எல்லோரும் ஏற்றி முடித்த பிறகு, கார்டு பெட்டியை ஒட்டியிருந்த கடைசி வேகனில் ராவுத்தரின் மூட்டைகள் ஏறின. அந்த வேகனும் மற்ற வேகன்கள் புறப்பட்ட அதே நேரத்தில்தான் புறப்பட்டது. கப்பல் கிடைத்தது.

அடுத்த கூட்டத்தில் ஃபெபி இல்லை, கனடா போய்விட்டாள். தலைவர் எழுந்தார். "அன்று ரயில்வே கேட்டில் சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற முதலில் பின்வாங்கியவர் யார் என்பது சரித்திரத்தில் பதிவாக வேண்டும். அடக்கத்தோடு சொல்கிறேன், அது நான்தான்."

"நான் அதுக்கு முன்னாடியே கியரைப் போட்டுட்டேன்!" என்றார் செயலாளர். மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்தார்கள். எல்லோரும் முதலில் பின்வாங்கியிருந்தார்கள்.

ராவுத்தரும் எழுந்தார். பழக்கத்தில் துண்டை உதறினார். "தலைவர் சொல்றது சரி. முதல்ல பின்வாங்கினது அவர்தான். நான்தான் கடைசி. கடைசி வேகன், கூட்ஸ் கிளார்க்கைக் கேட்டுக்குங்க. என் பேரைக் கடைசியிலயே எழுதிக்குங்க."

உட்கார்ந்தார். ஒவ்வொரு முகத்திலும் ஒரு சந்தேகம் படர்ந்தது. மூன்று தலைமுறையாக எண் ஒன்றாக இருந்த மனிதர் தானாகக் கேட்டு வாங்குகிற இடம் என்றால், அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "கடைசி இடத்தைக் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசுகிறவர் தலைவர். ஆகவே மரபுப்படி அந்த இடம்..."

"நன்றியுரை யார் சொல்றது? தலைவர் பேசினதுக்கும் அப்புறம் செயலாளர்தானே?" என்று லூர்துராஜ் பாய்ந்தார்.

கடைசி இடத்தைப் பாரபட்சமின்றிக் காத்து வைப்பது யானையா டால்பினா என்று ஒப்பிட்டுச் சொல்ல அங்கேயே ஒரு குழு அமைந்தது. அதில் இடம்பெறச் சண்டை தொடங்கியபோது தேநீர்த் தட்டு வந்தது. முதல் தம்ளர் இப்போது யாருக்கு என்று தெரியாமல், கொண்டுவந்தவர் நடுமண்டபத்தில் நின்றார். ராவுத்தர் எழுந்து போய் ஒரு தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு காலி நாற்காலியைத் தேடி உட்கார்ந்து குடித்து முடித்தார். யாரையும் பார்த்துத் தலையை அசைக்கவில்லை.

அன்று சங்கத்தில் சூடான தேநீர் குடித்தவர் அவர் ஒருவர்தான்.